வெளிச்சுவருக்குப் பட்டி போடலாமா, ரப்பர் பெயின்ட் அடிக்கலாமா? பெங்களூரு மழைக்கு எது தாங்கும்?

முப்பது_நாப்பது
30×40 மனை, கீழும் மேலுமா ரெண்டு மாடி. 6 அங்குல சாலிட் கான்கிரீட் பிளாக், எம்-சாண்ட் பூச்சு, எட்டு வருஷம் ஆகுது. மேற்குச் சுவர்ல மயிரிழை விரிசல். மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவருக்குக் கீழே பெயின்ட் பொரிஞ்சிருக்கு. ஜன்னல்களுக்கு அடியில கறுப்புக் கோடு. பெயின்டர் சொல்றார்: எல்லாத்தையும் சுரண்டிட்டு 2 கோட் பட்டி (சுவர் வழவழப்பாக இழுக்கிற புட்டி), அதுக்கு மேல ரப்பர் மாதிரி இழுபடுற வாட்டர்ப்ரூஃப் பெயின்ட். கொத்தனார் சொல்றார்: வெளியில பட்டி ஆகவே ஆகாது. யார் பேச்சைக் கேக்குறது?

கரண்டி
கொத்தனார் பேச்சை. வெளிச்சுவர்ப் பட்டி எப்படி உதிருதுன்னு பாத்தா காரணம் புரியும். காஞ்ச சுவர்ல, தண்ணிகூடத் தெளிக்காம, மோர் பதத்துல கரைச்சு இழுத்துட்டுப் போயிடறாங்க. பட்டியில இருக்கிறது வெள்ளைச் சிமென்ட். அது இறுக தண்ணி வேணும். காஞ்ச பூச்சு அந்தத் தண்ணியைக் குடிச்சிடும், பட்டி வெறும் மாவா நிக்கும். எமரித் தாள்ல தேய்ச்ச தூசியைக்கூடத் துடைக்காம அதுமேல பிரைமர். முதல் மழைக்கு ஒண்ணும் தெரியாது. ரெண்டு மூணு மழைக்காலம் போனதும் பெயின்ட் அப்பளமா கழண்டு வரும். அதுல ஒரு துண்டை எடுத்துத் திருப்பிப் பாருங்க, பின்பக்கம் வெள்ளை மாவு அப்பியிருக்கும். கழண்டது பெயின்ட் இல்ல, பட்டி.

டப்பா_கணக்கு
இதெல்லாம் வேலை பாத்தவர் தப்பு, பட்டி என்ன பண்ணும்? வெளியில போடவே கூடாதது அக்ரிலிக் பட்டி. ரெடிமேடா டப்பாவுல வர்ற பேஸ்ட் அது, உள்சுவருக்கு மட்டும்தான். வெள்ளைச் சிமென்ட் பட்டி வெளிச்சுவருக்கும் சேர்த்துத்தான் தயாராகுது. முறையா போடணும்: சுவரை நனைச்சு, வழியிற தண்ணி அடங்கி ஈரம் மட்டும் இருக்கிறப்போ இழுக்கணும். கிலோவுக்குத் தண்ணி 400 மில்லியைத் தாண்டக் கூடாது. கலக்கிப் பத்து நிமிஷம் விட்டு மறுபடி கலக்கணும், மூணு மணி நேரத்துக்குள்ள தீர்த்துடணும். ரெண்டு கோட்டும் சேர்ந்து ஒன்றரை மி.மீ.க்கு மேல போகாம பாத்துக்கணும்.

எம்-சாண்ட் பூச்சை ஸ்பாஞ்ச் போட்டு முடிச்சா ஊசித்துளை நிறைய விழும். ரோலர் அந்தத் துளைக்குள்ள இறங்காது. அங்கதான் தண்ணி நிக்கும். பட்டி வேணாம்னா துளையை எதை வச்சு அடைப்பீங்க?

கரண்டி
நல்ல கேள்விதான். துளை இருக்கிற இடத்துல மட்டும் பட்டியைத் தேய்ச்சு எடுக்கலாம், யாரும் தடுக்கல. முழுச் சுவருக்கும் எதுக்குன்னுதான் கேக்குறேன். இந்த வீட்டு வெளிச்சுவர் சுமார் 2,600 சதுர அடி வரும். சொரசொரப்பான வெளிப்பூச்சுல கிலோவுக்குப் பத்து சதுர அடின்னு வச்சா 260 கிலோ, 40 கிலோ மூட்டையில ஏழு. அந்தப் பணத்தையும் கூலியையும் வழவழப்புக்குச் செலவு பண்றீங்க. தெருவுல நின்னு பாக்குறவனுக்கு அந்த வழவழப்பு தெரியவா போகுது?

அல்சூர்_மேஸ்திரி
ரெண்டு பேரும் பெயின்ட்லயே நிக்கிறீங்க. கேட்டவர் என்ன எழுதியிருக்கார்? கைப்பிடிச்சுவருக்குக் கீழே பொரிஞ்சிருக்கு, ஜன்னலுக்கு அடியில கறுப்புக் கோடு. தண்ணி எங்க இறங்குதுன்னு சுவரே எழுதிக் காட்டுது.

முதல்ல கைப்பிடிச்சுவரோட தலை. நம்ம ஊர்ல பாதி வீட்டுல அது சமமட்டமா இருக்கும், இல்லன்னா வெளிப்பக்கம் சாய்ஞ்சிருக்கும். விழுற மழை அத்தனையும் வெளிச்சுவர்ல வழியும். தலையில விரிசல் இருந்தா பிளாக்குக்குள்ளயே இறங்கி, பூச்சுக்குப் பின்னாடி வந்து பெயின்ட்டை உள்ளயிருந்து தள்ளும். அதான் பொரி. தலையைக் கொத்திவிட்டு, மாடிப் பக்கமா சாய்ச்சு காரை போடணும், 6 அங்குல அகலத்துக்கு அரை அங்குலம் சாய்வு போதும். இல்லன்னா கிரானைட் பலகை வைங்க. ரெண்டு பக்கமும் ஒரு அங்குலம் வெளிய நீட்டணும், அடியில காடி, அதாவது தண்ணி சொட்டுற பள்ளக்கோடு, அறுத்திருக்கணும்.

அந்தக் காடி விஷயத்தைத்தான் எல்லாரும் விட்டுடறாங்க. சன்ஷேட் அடியில, ஜன்னல் பலகை அடியில, விளிம்புலேர்ந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, 10 மி.மீ. அகலம், 10 மி.மீ. ஆழம். வழியிற தண்ணி அங்க வந்து சொட்டிடும். காடி இல்லன்னா அடிப்பக்கமாவே ஊர்ந்து சுவருக்கு வந்துடும். கறுப்புக் கோட்டுக்குக் காரணம் அதான். எட்டு வருஷ வீட்டுக்கும் கட்டர் வச்சு காடி அறுக்கலாம். பலகை சுவரோட சமமா நின்னா அலுமினியம் எல் பட்டையை விளிம்புல ஒட்டுங்க.

டப்பா_கணக்கு
மேஸ்திரி அண்ணே, இதுல எனக்கு மறுப்பு இல்ல. ஆனா மேற்குச் சுவருக்குப் பதில் சொல்லல. ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் சாரல் அந்தப் பக்கம்தான் அடிக்குது, மத்தியான வெயிலும் அங்கதான். பகல்ல விரியுது, ராத்திரி சுருங்குது. மயிரிழை விரிசல் வராம இருக்குமா? சாதா எமல்ஷன் (தண்ணியில கரைச்சு அடிக்கிற வழக்கமான பெயின்ட்) அதோட சேர்ந்து கிழியும். இழுபடுற பெயின்ட் கிழியாது. அதுக்குத்தான் அது.

கரண்டி
பின்னாடி ஈரம் இருக்கிற சுவர்ல அதை அடிச்சா பலூனாத் தொங்கும். பாத்ததே இல்லையா? சாதா எமல்ஷன்னா ஈரம் கொஞ்சம் கொஞ்சமா ஆவியாப் போகும். கெட்டிப் படலத்துல அது அவ்வளவு சுலபமா போகாது.

அல்சூர்_மேஸ்திரி
அதுக்கு ஒரு சோதனை இருக்கு. ஒன்றரை அடி சதுர பாலிதீன் ஷீட்டை சுவர்ல வச்சு நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்க. உள்பக்கம் முத்து முத்தா தண்ணி கோத்திருந்தா எந்த பெயின்ட்டும் அடிக்காதீங்க, ஈரம் வர்ற வழியைத் தேடுங்க. கோக்கலன்னா தம்பி சொல்ற பெயின்ட்டுக்கு நானும் சம்மதம், மேற்குச் சுவருக்கு மட்டும். தரையிலேர்ந்து ரெண்டடி உயரம் வரைக்கும் அதை விட்டுடுங்க. அங்க மண்ணுலேர்ந்து ஓதம் ஏறும், உப்புப் பூக்கும். மூச்சு விடுற பூச்சுதான் சரி.

டப்பா_கணக்கு
ஒத்துக்கறேன். அப்ப அளவைச் சொல்லிடறேன், ஏமாத்து வேலை அங்கதான் நடக்குது. சாதா எமல்ஷன் 2 கோட்டுக்கு லிட்டருக்கு 50 சதுர அடி போகும். இழுபடுற வகை பெரும்பாலும் 20லேர்ந்து 30 வரைக்கும்தான், டப்பாவுலயே போட்டிருக்கும். மேற்குச் சுவர் 750 சதுர அடின்னா 25 கணக்குல 30 லிட்டர். பெயின்டர் 15 லிட்டர்ல முடிச்சுட்டு மிச்சம் பிடிச்சேன்னு சந்தோஷமாச் சொன்னா, பாதிக்குப் பாதி தண்ணி கலந்திருக்கார்னு அர்த்தம். படலம் பாதி, இழுவையும் போச்சு. காலி டப்பாவை எண்ணாம கூலி கொடுக்காதீங்க.

செங்கல்_பிரியன்
பூச்சே இல்லாம கட்டியிருந்தா இந்தத் தலைவலியே இல்ல. இந்திய அறிவியல் கழகத்துல (ஐ.ஐ.எஸ்.சி.) 1974ல ஆரம்பிச்ச அஸ்த்ராங்கிற கிராமத் தொழில்நுட்பக் குழு மண்பிளாக்கை உருவாக்கிக் கொடுத்து, இந்த ஊர்லயே பூச்சில்லாத வீடு எத்தனை நிக்குது.

கரண்டி
நிக்குது குரு, கூரை நல்லா வெளிய நீட்டியிருக்கிறதால நிக்குது. மேஸ்திரி சொன்ன காடிதான் பெரிய சைஸ்ல. இவர் சாலிட் பிளாக் கட்டி எட்டு வருஷம் ஆச்சு, இப்ப என்ன உரிக்கவா?

விரிசலுக்கு வர்றேன். மயிரிழையை பிரைமரும் பெயின்ட்டுமே மூடிடும். நகம் நுழையிற அளவு இருந்தா வி வடிவத்துல 6 மி.மீ. அகலம், 6 மி.மீ. ஆழம் கீறி, தூசி தட்டி, ஈரப்படுத்தி, கிராக் ஃபில்லரை ரெண்டு தவணையா அழுத்தணும். ஒரே தடவையில அடைச்சா சுருங்கி நடுவுல குழி விழும். தூணும் பிளாக்கும் சேர்ற இடத்துல நேர்கோடா ஓடுற விரிசல் வேற ஜாதி. கான்கிரீட்டும் பிளாக்கும் ஒரே மாதிரி விரியாது. கெட்டியான ஃபில்லர் அடுத்த கோடையிலயே திறந்துக்கும். இழுபடுற சீலன்ட், அதுமேல ஃபைபர் வலை நாடா. நாணயத்தால தட்டி டொக்கு டொக்குனு கேட்டா அந்தப் பூச்சை எடுத்துடுங்க, அதுமேல எதைப் பூசினாலும் வீண்.

முப்பது_நாப்பது
நன்றி. ஒண்ணு சொல்ல விட்டுட்டேன். தெற்குப் பக்கம் பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் நாலு அங்குலம்தான் சந்து. அந்தச் சுவர் பூசவே இல்ல, உள்ளறையில ஈரம் தெரியுது. சாரம் கட்ட வழியில்ல.

டப்பா_கணக்கு
உள்பக்கம் வாட்டர்ப்ரூஃப் கோட் அடிச்சுடுங்க.

அல்சூர்_மேஸ்திரி
வேணாம் தம்பி, ஈரம் பிளாக்குலயே தங்கும், பக்கத்துச் சுவர்ல தலைகாட்டும். சந்துக்குள்ள மழை விழாம மேல மூடணும். ஜி.ஐ. தகட்டை (துத்தநாகம் பூசின இரும்புத் தகடு) மடிச்சு, உயரமான வீட்டுச் சுவர்ல காடி அறுத்து நுழைச்சு சீலன்ட் வைக்கணும். மறுமுனை தாழ்வான வீட்டுக் கைப்பிடிச்சுவர் மேல சும்மா கவிழ்ந்து நிக்கணும். அங்க ஆணி அடிக்கக் கூடாது. ரெண்டு வீடும் தனித்தனியா அசையும், ரெண்டு பக்கமும் பிடிச்சா தகடு கிழியும். ரெண்டு ஓரத்துலயும் சந்து வாயை வலையால அடைங்க, காத்து போகணும், எலியும் புறாவும் போகக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட முன்னாடியே பேசிடுங்க, தகடு அவர் சுவரையும் தொடுது.

கரண்டி
இப்பவே பெயின்ட் வாங்கிடாதீங்க. கைப்பிடிச்சுவர், காடி, தகடு இந்த மூணையும் முடிச்சு ஒரு மழையைப் பாருங்க. போட்ட புதுக் காரைக்கு ஏழு நாள் தண்ணி, 28 நாள் காயவிடணும், அப்புறம்தான் பிரைமர். பெயின்ட்டுக்கு டிசம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும் நல்ல நேரம். டிசம்பர் காலையில சுவர்ல பனி இருக்கும், பத்து மணிக்கு முன்னாடி ரோலரைத் தொட விடாதீங்க. மேற்குச் சுவரை மத்தியானத்துக்குள்ள முடிச்சுடணும்.

டப்பா_கணக்கு
பட்டி?

கரண்டி
துளைக்கு மட்டும். ஒரு மூட்டை வாங்கச் சொல்லுங்க, அதுலயும் மிச்சம் இருக்கும்.