முகப்பில் 225 வோல்ட், கேணி மோட்டாரில் 160: எங்கே போகிறது கரண்ட்?

வளவுவீட்டுப் பேரன்:
கானாடுகாத்தானில் எங்கள் வீடு முன்தெருவில் தொடங்கிப் பின்தெருவில் முடியும். மீட்டர் முகப்பில், 1 எச்பி சிங்கிள் பேஸ் மோட்டார் அடுப்படியையும் தாண்டிக் கேணியடியில். சுவிட்சைப் போட்டால் உர்ரென்று உறுமுகிறது, சுற்றமாட்டேன் என்கிறது. கண்டென்சர் மாற்றியாச்சு. அடுத்த வாரம் படைப்பு (குலமுன்னோருக்குச் செய்யும் வழிபாடு), பங்காளிகள் எல்லாரும் வருகிறார்கள். தூத்துக்குடி அனல்மின் நிலையத்திலிருந்து கம்பியில் அத்தனை தூரம் வருகிற கரண்ட் என் வீட்டுக்குள் வந்து சாவானேன்?

ரிவைண்டிங் தேவகோட்டை:
வயர் என்ன சைஸ் தம்பி, எத்தனை மீட்டர்?

வளவுவீட்டுப் பேரன்:
ஒன்றரை ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) காப்பர் அண்ணே. சுவரோரமாகச் சுற்றி வளைந்து 120 மீட்டர். ஸ்டெபிலைசர் வைத்தால் சரியாகும் என்கிறார் வயர்மேன்.

ரிவைண்டிங் தேவகோட்டை:
வேண்டாம். போக வர 240 மீட்டர். ஒன்றரை ஸ்கொயருக்குக் கிலோமீட்டருக்கு 12 ஓம், ஆக உங்கள் வயர் மட்டும் 2.9 ஓம். காணாமல் போன 65 வோல்ட்டை அதால் வகுத்தால் 22 ஆம்பியர். ஓடும்போது 7 இழுக்கிற மோட்டார் கிளம்பும்போது 30க்கு மேல் கேட்கும், அந்த வயர் கொடுக்க விடுவதில்லை. ஸ்டெபிலைசர் வோல்டேஜை ஏற்ற, வயரிலிருந்து இன்னும் அதிக ஆம்பியர் உறிஞ்சும், இறக்கம் இன்னும் கூடும். 4 ஸ்கொயர் இழுங்கள், அல்லது 6.

சப்ஸ்டேஷன்காரன்:
தூத்துக்குடிக் கேள்விக்கு: தூரத்தைவிட ஆம்பியர்தான் பெரிய எதிரி. வயரில் வீணாவது ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆம்பியர் பாதியானால் நஷ்டம் கால்வாசி. அதே சக்தியை அனுப்ப, வோல்டேஜ் ஏற ஏற ஆம்பியர் குறையும்: உங்கள் மோட்டாரின் 7 ஆம்பியர், 400 கிலோவோல்ட் லைனில் தோராயமாக 4 மில்லி ஆம்பியர்தான். அதே வயர் என்று வைத்துக்கொண்டால் நஷ்டம் முப்பது லட்சத்தில் ஒரு பங்கு! சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர்ப் பக்கம் புகளூருக்கு 800 கிலோவோல்ட் டிசியில் (நேர் மின்னோட்டம்) 1,700 கிலோமீட்டருக்கு மேல் 6,000 மெகாவாட் வருவதும் இதனால்தான். வோல்டேஜை ஏற்றவும் இறக்கவும் டிரான்ஸ்பார்மர் இருப்பதால் ஏசியில் (வீட்டுக்கு வருகிற மாறு மின்னோட்டம்) இது சுலபம், டிசிக்கு இரு முனையிலும் ஏசி-டிசி மாற்றும் தனி நிலையமே கட்ட வேண்டும். அப்படியானால் வீட்டுக்குள்ளும் அதே வோல்டேஜ் ஓடட்டுமே என்று கேட்டுவிடாதீர்கள், கை நீட்டுவதற்குள் ஆள் காலி.

வளவுவீட்டுப் பேரன்:
4 ஸ்கொயர் இழுத்தாச்சு. கிளம்பும்போது 195, ஓடும்போது 217. சுவிட்ச் போட்டதை மறந்து பேசிக்கொண்டிருந்ததில் தொட்டி நிரம்பி இரண்டாங்கட்டு வரை தண்ணீர், ஆச்சி என்னைத் தேடிக்கொண்டிருக்கிறார்.