மேற்கு ஸ்காட்லாந்து ஜூனியர் லீக், 2018–19: நேரில் பார்த்தவர்கள் ஒன்றாவது எழுதுங்கள்

கிளைடுக்கரை:

புதியவர்களுக்கு: இங்கே ஜூனியர் என்றால் சிறுவர்கள் இல்லை, பெரிய லீக்குகளுக்கு வெளியே தனியாக ஆடிய உள்ளூர் கிளப்புகள்; ஆடுகிறவர்கள் வளர்ந்த ஆட்கள்தான். 2019 ஜனவரி 19, டால்பட்டின் மைதானமான பீச்வுட் பார்க். ஆகின்லெக் டால்பட்டுக்கும் ஏர் யுனைடெட்டுக்கும் ஸ்காட்டிஷ் கோப்பை நான்காம் சுற்று. ஆட்டம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஸ்காட்லாந்தின் இரண்டாம் நிலை லீக்கான சாம்பியன்ஷிப்பில் மேல் வரிசையில் இருந்த ஏரை, வாரம் முழுக்க வேறு வேலை பார்த்துவிட்டு சனிக்கிழமை ஆடுகிற டால்பட் 1–0 என்று வீட்டுக்கு அனுப்பியது. கோல் மெக்ராக்கன்.

எனக்கு மறக்காதது அந்த கோல் இல்லை. என் இடப்பக்கம் கம்பியில் சாய்ந்து நின்ற பெரியவர். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். எல்லார் கழுத்திலும் கறுப்பும் தங்கமும்; இவர் கழுத்தில் மட்டும் ஒன்றும் இல்லை. முதல் பாதி முழுக்க வாயே திறக்கவில்லை. இடைவேளையில் பை (pie, இறைச்சி அடைத்த பண்டம்) வாங்கிக்கொண்டு வந்தவர், நான் வெளியூர்க்காரன் என்ற தைரியத்தில் குனிந்து காதோரம் சொன்னார்: "நான் பக்கத்து ஊர் கம்நாக். இவங்க தோற்கிறதைப் பார்க்க வந்தேன்."

அப்புறம் கோல் விழுந்தது. பின்னால் நின்ற இரண்டு தடியர்கள் யாரைக் கட்டிப்பிடிப்பது என்று தெரியாமல் அவரைப் பிடித்துத் தரையிலிருந்து தூக்கிவிட்டார்கள். பை நடுவில் நசுங்கி, கொழுப்பு கோட்டில் வழிகிறது. ஒருவன் அவர் வழுக்கைத் தலையில் முத்தம் வேறு கொடுத்தான். அந்த முகத்தை நான் எப்படி எழுதுவேன்? இறக்கிவிட்டதும் என் பக்கம் திரும்பி, "ஊரில் யாருக்கும் தெரியக் கூடாது" என்றார். அவர் ஊரில் எனக்கு யாரைத் தெரியும்? ஆனால் இங்கே எழுதியாகிவிட்டது.

வேறு யாராவது இருந்தீர்களா? அதுதான் மேற்கு வட்டார ஜூனியர் லீக் முழுசாக ஆடி முடித்த கடைசிப் பருவம். அடுத்தது கோவிட்டில் பாதியில் நின்றது. 2020-ல் கிளப்புகள் எல்லாம் புது மேற்கு ஸ்காட்லாந்து லீக்குக்குப் போய்விட்டன. அதனால்தான் கேட்கிறேன்.

நைட்டூட்டி:

நம்ப முடியவில்லை, மன்னிக்கவும். நான் கம்நாக் பக்கம்தான் வாடகைக்கு இருந்தேன். கம்நாக்காரன் காசு கொடுத்து பீச்வுட் வாசலைத் தாண்டுவானா? இரண்டு ஊருக்கும் நடுவே இரண்டு மைல்கூட இல்லை. ஆனால் அந்தப் பகை அப்படி. என் வீட்டுக்காரம்மா டால்பட் என்ற பெயரையே சொல்ல மாட்டார், "அந்தப் பக்கத்து ஆட்கள்" என்பார். இத்தனைக்கும் அவர் தங்கையைக் கட்டிக்கொடுத்தது ஆகின்லெக்கில்.

கிளைடுக்கரை:

நீங்களே பதில் சொல்லிவிட்டீர்கள். அந்தப் பெரியவரும் தங்கை வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருப்பார்.

மூன்றாம் மாடி:

ஆட்டத்தைவிட ஆட்டக்காரரைப் பற்றி. கிளப் பெயர் வேண்டாம், கிளாஸ்கோவின் தெற்குப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை ஒரு சென்டர் ஹாஃப், நடுவில் நிற்கும் தடுப்பாட்டக்காரர். எதிரணியின் சின்னப் பையன் ஒருவனை எங்கள் முன்னாலேயே பக்கவாட்டில் சாய்த்தார். பையன் விளம்பரப் பலகையில் போய் விழுந்தான். நடுவரைப் பார்த்து அவர் கத்தியதை இங்கே எழுத முடியாது.

திங்கட்கிழமை காலை வீட்டில் பாய்லர் ஓடவில்லை. ஏஜென்சி ஆள் அனுப்பியது. கதவைத் திறந்தால் அதே ஆள்! கையில் கருவிப்பை, மூன்று மாடி ஏறி வந்ததில் ஒரு கால் இழுக்கிறது. கம்பளம் அழுக்காகும் என்று பூட்ஸைக் கழற்றினார். சாக்ஸில் ஓட்டை, அதன் வழியே கட்டைவிரல் நகம் முழுக் கறுப்பு. என் மகள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "வலிக்குதா?" என்று கேட்டேவிட்டாள். "சனிக்கிழமை வரைக்கும் வலிக்கும்" என்றார்.

நான் ஆட்டம் பார்த்தேன் என்று சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். பாய்லர் ஓடத் தொடங்கியது, கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். டீ வேண்டாம் என்றுவிட்டார். அடுத்த வாரமும் அவர் ஆடினார். நான் கைகாட்டினேன், அவருக்கு அடையாளம் தெரியவில்லை. தெரிந்தும் காட்டிக்கொள்ளாமல் இருந்திருக்கலாம்.

வடகடல்:

தலைப்பில் மேற்கு என்றுதான் இருக்கிறது, தெரியும். ஆனாலும் சொல்கிறேன்: ஜூனியர் என்றாலே எல்லாருக்கும் ஆகின்லெக், கம்நாக் இருக்கிற ஏர்ஷயர்தான். வடக்கு வட்டாரம் என்று ஒன்று இருந்தது ஐயா. பேங்க்ஸ் ஓ டீ, கல்டர், டைஸ், ஹெர்மிஸ்... அபர்டீன் சுற்றுவட்டாரத்தில் இத்தனை கிளப்புகள் கூடி ஆடிக்கொண்டிருந்தோம். கோப்பை பற்றி வாய் கிழியப் பேசுகிறீர்களே, ஜூனியர் கிளப்புகளை ஸ்காட்டிஷ் கோப்பையில் சேர்த்ததே 2007-ல்தான். அதற்கு முன் நூறு வருஷத்துக்கு மேல் ஜூனியர் கோப்பையே உலகம். 1951 இறுதியாட்டத்தில், பீட்டர்ஸ்ஹில்லும் இர்வின் மெடோவும், கிளாஸ்கோவின் ஹாம்டன் மைதானத்தில் 77,650 பேர். இப்போது யாராவது நம்புவார்களா?

என் அனுபவம் சின்னது. ஜனவரி, ஒன்றரை மணி நேரம் வண்டி ஓட்டிப் போனேன். நடுவர் பந்தோடு மைதானத்துக்குள் போனார். இடுப்பு உயரத்திலிருந்து பந்தை விட்டார். பந்து விழுந்த இடத்திலேயே 'சொத்' என்று உட்கார்ந்துவிட்டது. இன்னும் இரண்டு இடத்தில் விட்டுப் பார்த்தார், அவ்வளவுதான். ஆட்டம் இல்லை. டீக்கடை ஜன்னலில் இருந்த அம்மா வாளி நிறைய சூப்பு வைத்திருந்தார், வந்தவர்களுக்கெல்லாம் சும்மாவே ஊற்றிக் கொடுத்தார்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். கிளம்பும் முன் கிளப்பின் எக்ஸ் (பழைய ட்விட்டர்) பக்கத்தைப் பாருங்கள், காலையில் பார்த்துவிட்டு கிளம்பும்போது மறுபடி பாருங்கள். நிறைய மைதானங்களில் மின்விளக்கு கிடையாது, டிசம்பரில் ஆட்டம் சீக்கிரமே தொடங்கிவிடும். மூன்று மணி என்று நினைத்துப் போனால் இரண்டாம் பாதிதான் கிடைக்கும். வாசலில் சில்லறை கொடுங்கள், மேசையில் உட்கார்ந்திருப்பவர் கமிட்டி ஆள், கார்டு மெஷினைத் தேடாதீர்கள். ராஃபிள் (குலுக்கல்) சீட்டு கட்டாயம் வாங்குங்கள், அவர்களுக்கு வருமானமே அதுதான். பயிற்சியாளர்கள் நிற்கும் குடிசைக்குப் பின்னால் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு நிற்காதீர்கள், காது கெட்டுவிடும். இறைச்சி பை வாங்கினால் இரண்டு கையாலும் நேராகப் பிடியுங்கள், சாய்த்தால் கொழுப்பு முழங்கை வரை ஓடும். போவ்ரில் என்கிற சூடான பானம் மாட்டிறைச்சிச் சாறு, சாப்பிடாதவர்கள் கேட்டு வாங்குங்கள். தள்ளிவைத்த ஆட்டங்கள் எல்லாம் ஏப்ரல், மே மாதங்களில் வார நாள் மாலையில் நடக்கும், புதிதாகப் போகிறவர்களுக்கு அதுதான் நல்ல காலம். மே மாதத்தில் ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். ஆனால் ஆட்டக்காரர்கள் மூன்று நாளுக்கு ஒன்று ஆடிச் செத்துப் போயிருப்பார்கள். நல்ல கால்பந்து எதிர்பார்க்காதீர்கள்.

நைட்டூட்டி:

யாரும் கேட்கவில்லையே ஐயா.

வடகடல்:

கேட்டால்தான் சொல்ல வேண்டுமா?

மூன்றாம் மாடி:

2023 ஸ்காட்டிஷ் கோப்பையில் டார்வெல் என்கிற சின்ன ஏர்ஷயர் கிளப், முதல் நிலை லீக்கில் ஆடும் உங்கள் அபர்டீனை 1–0 என்று வீழ்த்தியபோது எங்கே இருந்தீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.

வடகடல்:

அது ஜூனியர் ஆட்டமே இல்லை. டார்வெல் அப்போது மேற்கு ஸ்காட்லாந்து லீக்கில், ஆறாவது படியில் இருந்தது. பிரமிடுக்குள், அதாவது ஜெயித்தால் படிப்படியாக மேலே ஏறக்கூடிய லீக் வரிசைக்குள், போன கிளப்பை ஜூனியர் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கிளைடுக்கரை:

அடுத்த வருஷமே ஜூனியர் கோப்பையை ஜெயித்ததும் டார்வெல்தான். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா?

ஓரக்கோடு:

சண்டைக்கு நடுவே நானும் ஒன்று. நடுவர் பயிற்சி முடித்துவிட்டு அந்தப் பருவம் கொடி பிடித்தேன். கிளப் பெயர் சொல்ல மாட்டேன், அந்த ஊர்ப் பக்கம் இன்னும் போக வேண்டியிருக்கிறது. கடைசி நிமிடங்கள், 1–1. கார்னரிலிருந்து வந்த பந்து உள்ளூர் அணியின் தடுப்பாட்டக்காரர் கையில் பட்டது. நடுவருக்கு மறைப்பு, எனக்கு நேர் எதிரே. கொடியை ஆட்டினேன். பெனால்டி, கோல், 2–1. எனக்குப் பின்னால் நின்றவர்கள் சொன்னதை விடுங்கள், அது எல்லாருக்கும் நடப்பது.

ஆட்டம் முடிந்து அறைக்குப் போனோம். எழுபது வயது அம்மா ஒருவர் தட்டில் டீயும் சாண்ட்விச்சும் கொண்டு வந்தார். நடுவருக்குக் கொடுத்தார், இன்னொரு கொடிக்காரருக்குக் கொடுத்தார். என்னிடம் வந்து, கோப்பையை என் கையில் வைத்து, கையை விடாமல் அப்படியே பிடித்துக்கொண்டு, மிக அன்பாகச் சொன்னார்: "நல்லா சாப்பிடு கண்ணு. ஆனா அது பெனால்டி இல்லை." அந்தத் தடுப்பாட்டக்காரர் அவர் பேரன் என்று வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது.

இன்றைக்குக் கேட்டாலும் அது பெனால்டிதான். பந்து கையில் பட்டது, நான் பார்த்தேன்.

நைட்டூட்டி:

கை உடம்போடு ஒட்டி இருந்ததா, விலகி இருந்ததா?

ஓரக்கோடு:

கொஞ்சம் விலகி.

வடகடல்:

கொஞ்சம் என்றால் எவ்வளவு? கிழவி சொன்னதுதான் சரி.