பழைய பத்திரத்தில் டி, ஓ, புள்ளி: என்ன சொல் இது?

நாங்குநேரிக்காரன்:
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். இங்கிலீஷில் டைப் அடித்த பழைய கிரயப் பத்திரம் ஒன்றைத் தமிழாக்குகிறேன். சொத்து விவரத்தில் முதல் வரியில் ‘டின்னவெல்லி டிஸ்ட்ரிக்ட்’, அதாவது திருநெல்வேலி ஜில்லா. அதற்குக் கீழே ஐந்து வரியிலும் டி, ஓ, ஒரு புள்ளி, அவ்வளவுதான். ‘செய்’ என்று அர்த்தம் வைத்தால் பொருந்தவில்லை.

ஏட்டுக்கணக்கு:
அது ‘டிட்டோ’. முதலெழுத்தும் கடைசி எழுத்தும் நிற்க, நடுவை விட்ட சுருக்கம். ‘நியூமரோ’ என்ற லத்தீன் சொல் என், ஓ, புள்ளி என்று சுருங்கி நம்பரைக் குறிக்கிறதே, அதே முறைதான். புள்ளி விட்டுப்போனால்தான் ‘செய்’ என்று மயக்கம் வரும்.

சொல் இத்தாலியின் டஸ்கனி வழக்கு. ‘சொல்லப்பட்ட’ என்று பொருள். மாதத்தின் பெயரை ஒருமுறை எழுதிவிட்டு, அடுத்த தேதிக்கு ‘சொன்ன மாதம்’ என்று போட உதவியது. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தபோதும் முதல் வேலை அதுதான்.

தமிழில் தயங்காமல் ‘மேற்படி’ போடுங்கள். அச்சாக அதே கருத்து. நம் பழைய பத்திரங்களில் இதற்குத் தனிக் குறியே உண்டு: ௸. ‘௸யார்’ என்று இருந்தால் மேற்படியார். நெம்பருக்கு ௺.

ஜங்ஷன் தட்டச்சு:
மேற்படி அதே பத்தியில் (மேலிருந்து கீழாக ஓடும் காலத்தில்) நேர் மேலே உள்ளதை மட்டும் குறிக்கும், பக்கத்துப் பத்திக்குத் தாவாது. மூலத்தில் பக்கத்தின் முதல் வரியே டிட்டோ என்றால், முந்தைய பக்கத்தின் கடைசி வரியைப் பாருங்கள். உங்கள் தமிழாக்கத்தில் பக்கம் வேறிடத்தில் முறியும்; அங்கே முதல் வரியில் மேற்படிக்கு அடுத்து அடைப்புக்குறியில் முழுப்பெயர் கொடுங்கள். சர்வே நெம்பர், ஏக்கர், சென்ட் வரும் இடத்திலும் அப்படியே.

எக்ஸெலில் ஏற்றினால், டிட்டோவோடு வரிசை மாற்றவே கூடாது. மேல் வரி நகர்ந்ததும் ஊர் மாறிப்போகும். முதலில், மூலத்திலேயே காலியான கட்டங்களில் ஒரு கோடு போடுங்கள். பிறகு டிட்டோக்களை அழித்து, காலிக் கட்டங்களை மட்டும் தேர்ந்தெடுத்து, சமக்குறி, மேல் அம்பு, கன்ட்ரோல் என்டர். கடைசியில் அந்தப் பத்தியைக் காப்பி செய்து வேல்யூவாக ஒட்டணும். இதை விட்டால் சூத்திரம் அப்படியே நிற்கும், வரிசை மாற்றும்போது எல்லாம் கெடும்.

நாங்குநேரிக்காரன்:
தெளிவாச்சு, நன்றி. அந்த ஐந்துக்கும் கீழே, கடைசி வரியில் மட்டும் இரண்டு சின்னக் கோடு இருக்கு. அதுவும் இதுதானா?

ஏட்டுக்கணக்கு:
மேற்கோள் குறி மாதிரி செங்குத்தாக இருந்தால் டிட்டோவேதான். படுக்கைக் கோடு என்றால் பெரும்பாலும் ‘இல்லை’ என்று அர்த்தம்; மேற்படி போட்டுவிடாதீங்க.