மைன்கிராஃப்ட் டவுனியில் புது ஊர் தொடங்குகிறவர்களுக்கு: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஆற்றங்கரை மேயர்:

மைன்கிராஃப்ட் விளையாட்டில், ஊர் அமைத்து நிலம் வைத்துக்கொள்ள உதவும் டவுனி என்ற பிளகின் (கூடுதல் நிரல்) ஓடும் சர்வர்களில் புதுசாக ஊர் தொடங்குகிறவர்கள் பலர் முதல் வேலையாக மதில் கட்ட உட்கார்ந்துவிடுகிறார்கள். நான்கு மூலையிலும் கோபுரம், நடுவில் பெரிய டவுன் ஹால், ஆனால் ஊருக்குள் ஆள் கிடையாது. டவுனியில் நிலத்தைக் காப்பது மதில் இல்லை, கிளைம்தான், அதாவது நிலத்தை ஊரின் பெயரில் எடுத்துக்கொள்வது. நிலம் சங்க் சங்க்காகப் பிரிந்திருக்கும், ஒரு சங்க் என்பது 16-க்கு 16 பிளாக். அதைக் கிளைம் செய்து, வெளியாளுக்கான பில்ட் (கட்டுவது), டெஸ்ட்ராய் (உடைப்பது), ஸ்விட்ச் (கதவு, பெட்டி திறப்பது), ஐட்டம் யூஸ் (பொருளைப் பயன்படுத்துவது) என்ற நான்கு அனுமதிகளையும் மூடிவிட்டால், வந்தவர் ஒரு மண்கட்டியைக்கூட எடுக்க முடியாது. எத்தனை சங்க் கிளைம் செய்யலாம் என்பதைப் பல சர்வர்களில் ரெசிடென்ட் (ஊரில் சேர்ந்தவர்) எண்ணிக்கைதான் முடிவு செய்கிறது. ஆள் சேர்ந்தால் நிலமும் சேரும். அதனால் கல்லையும் நேரத்தையும் மதிலில் கொட்டாதீர்கள், வருகிறவர் தங்க இடம் தயார் பண்ணுங்கள்.

எங்கள் ஊரில் ஸ்பானில் (ஊருக்கு வருகிறவர் வந்து இறங்கும் இடம்) வந்து நின்றதும் எதிரிலேயே இலவச பிளாட்டுகள் (ஒருவருக்கென ஒதுக்கும் மனைகள்) வரிசையாகத் தெரியும். ஒவ்வொன்றிலும் ஒரு படுக்கை, ஒரு உலை, ஒரு கிராஃப்டிங் டேபிள். தெரு போடும் முன்பு கீபோர்டில் எஃப்3, ஜி இரண்டையும் சேர்த்து அழுத்தி சங்க் கோடுகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். தெருவில் பாதி ஒருவருடைய பிளாட்டுக்குள் விழுந்துவிட்டால், நாளைக்கு அவர் அதைத் தோண்டி எடுத்தாலும் கேட்க முடியாது, அது அவர் நிலம். தீ, வெடிப்பு, மாப் (தாக்க வரும் உயிரினங்கள்) மூன்றையும் ஊருக்குள் அணைத்து வைப்பதும் முதல் நாளே முடிக்க வேண்டிய வேலை. கிரீப்பர் என்ற வெடிக்கும் மாப் ஒன்று வெடித்துப் புது ரெசிடென்ட்டின் சுவர் போனால் அவர் மறுபடி லாகின் செய்வது சந்தேகம்தான்.

ஒரு ராத்திரி ஒரு வெளியாள் வந்தார். தோல் கவசம்கூட இல்லை, கையில் கல் கோடாலி மட்டும். தெருவோடு நடந்து ஒவ்வொரு பெட்டியாகத் திறக்கப் பார்க்கிறார். ஒவ்வொரு முறையும் அனுமதி இல்லை என்று அவருக்கு வந்திருக்கும். கடைசிப் பெட்டி வரைக்கும் விடவில்லை. எங்கள் ஆட்கள் இரண்டு பேர் வாளை எடுத்துவிட்டார்கள். நான் அவர்களை நிறுத்திவிட்டு, "பசியா தம்பி?" என்று சேட்டில் கேட்டேன். "ஆமா ப்ரோ, அரை ஹார்ட்தான் இருக்கு" என்று பதில் வந்தது. ரொட்டியைக் கீழே போட்டேன். அங்கேயே நின்று தின்று முடித்துவிட்டு, "இங்க சேரலாமா?" என்றார். இன்று எங்கள் உருளைக்கிழங்கு வயல் முழுக்க அவர் பொறுப்பு. பெட்டியைத் திறக்கப் பார்ப்பவர் எல்லாரும் திருடர் இல்லை. அனுமதிகளை ஒழுங்காகப் பூட்டி வைத்திருந்ததால்தான் அவரிடம் நிதானமாகப் பேச முடிந்தது.

குச்சி வியாபாரி:

அண்ணா சொன்னது சரி. ரெசிடென்ட் பக்கத்திலிருந்து நான் சொல்கிறேன்.

நான் முதலில் இருந்த ஊரில் தினமும் இவ்வளவு என்று ஒரே தொகை வரி. பரீட்சை நேரம், விளையாடவே வரவில்லை. கையிலிருந்த காசு கரைந்து ஒரு நாள் பூஜ்யம் ஆனது. வரி கட்ட முடியாத ரெசிடென்ட்டை டவுனி தானாகவே ஊரிலிருந்து வெளியேற்றிவிடும். திரும்பி வந்து பார்த்தால் என் பிளாட் ஊர் வசம் போய்விட்டது, வீட்டில் வேறொருவர் இருக்கிறார். மேயர் எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த மேயருக்கு வரி கிடையாது என்பதால் இந்த வலி அவருக்குத் தெரியவே இல்லை. புது மேயர்களே, வரியை விழுக்காட்டுக்கு மாற்றுங்கள், அதற்கு டவுனியிலேயே ஒரு கட்டளை இருக்கிறது. கையில் இருப்பதில் ஒரு பங்குதான் போகும். காசே இல்லாதவனிடம் எடுக்க ஒன்றுமில்லை, அவன் ஊரிலேயே இருப்பான்.

அப்புறம் வேலை. இப்போது இருக்கும் ஊரில் மேயர் முதலில் கட்டியது கிராமவாசிகளுக்கான (விளையாட்டே இயக்கும் பாத்திரங்கள்) வியாபாரக் கூடம். ஃப்ளெட்சிங் டேபிள் பக்கத்தில் நிற்கும் ஃப்ளெட்சர் (அம்பு செய்யும் கிராமவாசி) 32 குச்சிக்கு ஒரு மரகதம் தருவார். ஒரு மரக்கட்டையில் 4 பலகை, 2 பலகைக்கு 4 குச்சி. ஆக, 4 கட்டை வெட்டினால் ஒரு மரகதம். கூடத்துக்குப் பின்னாலேயே ஓக் தோப்பு வைத்திருக்கிறார்கள், வெட்டினால் கன்று நட்டுவிட வேண்டும் என்பது மட்டும்தான் சட்டம். கோடாலி ஒன்று இருந்தால் போதும், வந்த அன்றே யாரிடமும் கைநீட்டாமல் சம்பாதிக்கலாம். நான் அந்த மரகதத்தில்தான் என் இரும்புக் கவசம் வாங்கினேன். விவசாயிக் கிராமவாசி 20 கோதுமைக்கோ 26 உருளைக்கிழங்குக்கோ ஒரு மரகதம் தருவார், அதனால் வயலையும் கூடத்துக்கு அருகிலேயே வையுங்கள். புதியவருக்குத் தூரம் தெரியாது, வழியில் ராத்திரி ஆகிவிடும்.

கல்லுளி:

மேயர்கள் குழப்பிக்கொள்ளும் இரண்டு அமைப்புகள் பற்றி. ஓப்பன் என்றால் அழைப்பு இல்லாமலே யாரும் ரெசிடென்ட் ஆகலாம். பப்ளிக் என்றால் வெளியாளும் உங்கள் ஊர் ஸ்பானுக்கு வந்து பார்க்கலாம். ரெசிடென்ட் ஆனவருக்கு ஊர்ப் பொது இடத்தில் பில்ட், டெஸ்ட்ராய் திறந்திருந்தால் ஓப்பன் ஊர் ஒரே ராத்திரியில் நாசமாகும். ஆரம்பத்தில் பப்ளிக் மட்டும் போதும், வந்து பார்த்துப் பிடித்தவரை நீங்களே அழையுங்கள்.

எங்கள் பக்கத்து ஊர் அழிந்ததைக் கண்ணால் பார்த்தேன். மேயர் வருவதை நிறுத்திவிட்டார். ஊர் வங்கியில் யாரும் பணம் போடவில்லை. ஊரை வைத்திருக்க வங்கியிலிருந்து தினமும் போகும் பராமரிப்புக் கட்டணத்துக்குப் பணம் தீர்ந்ததும் அது பாழடைந்த ஊராகிவிட்டது, எங்கள் சர்வரில் அப்படி ஆனால் அனுமதி எல்லாம் எல்லாருக்கும் திறந்துவிடும். வெளியாட்கள் ஷல்க்கர் பெட்டிகளோடு (பொருளோடு தூக்கிச் செல்லக்கூடிய பெட்டிகள்) வந்து கண்ணாடி வரைக்கும் உரித்துக்கொண்டு போனார்கள். அங்கே வீடு வைத்திருந்த ஒரு பொண்ணு, தன் புத்தக அலமாரிகளை எங்கள் ஊருக்கு விடிய விடியச் சுமந்தது. நாங்களும் கூட நடந்தோம்.

அதனால் உதவி மேயர் ஒருவரை முதல் வாரத்திலேயே போடுங்கள், நீங்கள் தூங்கும் நேரத்தில் விளையாடுகிறவராகப் பார்த்து. அந்தப் பதவியோடு வங்கியிலிருந்து பணம் எடுக்கும் உரிமையும் சேர்ந்து வருகிறதா என்று உங்கள் சர்வர் ஸ்டாஃபிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். புதுசாக சங்க் கிளைம் செய்யும் முன்பு, வங்கியில் இருப்பதைத் தினப் பராமரிப்பால் வகுத்துப் பாருங்கள். ஒரு மாதம் தாங்காது என்றால் கிளைம் காத்திருக்கட்டும். ஆற்றங்கரை அண்ணா, உங்கள் ஊரில் கடை பிளாட்டுக்குத் தனி வரி எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்? எங்கள் சந்தைக்கு இந்த வாரம் அதை முடிவு செய்ய வேண்டும்.