ஜெரண்டா, இன்ஃபினிடிவா: வினைகளுக்கு ஒரு பெயர் வேண்டும்

நண்பர்களே,

ஆங்கில இலக்கணத்தின் ஜெரண்ட் ('-இங்' சேர்ந்து பெயர்போல நிற்கும் வினை வடிவம்), இன்ஃபினிடிவ் (பெரும்பாலும் 'டு'வுடன் வரும் வினை வடிவம்), இவற்றை அடுத்து ஏற்கும் வினைகள் ஆகியவற்றுக்குத் தமிழ்ப்பெயர் என்ன என்று பேசிக்கொண்டிருக்கிறோம். ஜெரண்டுக்குத் 'தொழிற்பெயர்' என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. தொழிற்பெயர் பொதுவாகக் காலம் காட்டாது. 'லாக்கிங்' (பூட்டுதல்) என்பதும் தனியே நின்றால் நேற்றா நாளையா என்று சொல்லாது. சரி, அது முடிந்தது.

இன்ஃபினிடிவுக்கு வெறும் 'வினையெச்சம்' போதும் என்று இங்கே ஐயா ஒருவர் எழுதியிருந்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. வினையெச்சம் பெரிய குடும்பம். தொல்காப்பியம் 9 வாய்பாடுகளை (வடிவ மாதிரிகளை) சொல்கிறது, நன்னூல் 12. இன்ஃபினிடிவுக்கு நெருங்கி வருவது அவற்றில் 'செய' என்பதுதான் (திறக்க, பூட்ட போன்றவை). பொத்தாம்பொதுவாக வினையெச்சம் என்றால் எங்கே இடிக்கும் என்று 'ட்ரை'யில் பாருங்கள். 'ட்ரைட் டு ஓப்பன் த விண்டோ' என்றால் சன்னலைத் திறக்க முயன்றான், பெரும்பாலும் திறந்திருக்காது. 'ட்ரைட் ஓப்பனிங் த விண்டோ' என்றால், புழுக்கம் குறைகிறதா என்று திறந்து பார்த்தான், சன்னல் திறந்துவிட்டது. இந்தத் 'திறந்து'வும் நமக்கு வினையெச்சம்தானே? ஆனால் ஆங்கிலத்தில் அந்த இடத்தில் நிற்பது ஜெரண்ட். இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்துவிட்டு மாணவனைக் குழப்புவானேன்?

உரையாசிரியர்கள் ஏற்கெனவே 'செயவெனெச்சம்' என்று சொல்லியிருக்கிறார்கள். அதையே எடுத்துக்கொள்ளலாம். வாயில் நுழையவில்லை என்றால் 'செயவெச்சம்'.

இன்ஃபினிடிவை 'டு-எச்சம்' என்று அழைக்கலாம் என்ற யோசனை எளிதாக இருக்கிறது, ஆனால் கைகொடுக்காது. 'மேட் மீ வெயிட்' என்பதில் டு இல்லை. தமிழில் 'காக்க வைத்தான்', அதே செய வடிவம். 'லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ' என்பதில் டு இருக்கிறது, இன்ஃபினிடிவ் இல்லை.

இனி வினைகளுக்கு வருவோம். அடுத்து இன்ஃபினிடிவைக் கேட்கும் 'வான்ட், டிசைட், ரெஃப்யூஸ்' ஒரு பக்கம். ஜெரண்டைக் கேட்கும் 'என்ஜாய், அவாய்ட், ஃபினிஷ்' மறுபக்கம். இவற்றுக்கெல்லாம் பொதுவாகச் 'சங்கிலி வினை' என்றால், அது ஒன்றன்பின் ஒன்று வருவதை மட்டும் காட்டுகிறது. எது வரும் என்பதைக் காட்டவில்லை. என் பரிந்துரை: செயவெச்சங்கொள் வினை, தொழிற்பெயர்கொள் வினை. இரண்டையும் ஏற்பவற்றுக்கு இருநிலைக்கொள் வினை.

ஒரு மறுப்பு வரும், தெரியும். நம் இலக்கணத்தில் எச்சம்தான் வினையைக் கொண்டு முடியும், வினை எச்சத்தைக் கொள்வதில்லை. உண்மைதான். ஆனால் ஆங்கிலத்தில் முதலில் வரும் வினைதான் அடுத்ததன் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. திசை மாறுவதைப் பெயரே சொல்லிவிடுவது நல்லதுதான்.

இந்தப் பெயர்கள் வகுப்பறையில் உடனே வேலைக்கு ஆகும். 'என்ஜாய் டு ஸ்விம்' என்று எழுதுகிறவன் மனத்தில் 'நீந்த விரும்புகிறேன்' ஓடுகிறது. 'சஜெஸ்டட் டு கோ' என்பதன் பின்னால் 'போகச் சொன்னார்' நிற்கிறது. அவன் தமிழின் செய வடிவத்தை அப்படியே டு ஆக்குகிறான். இவை தொழிற்பெயர்கொள் வினைகள் என்று அகராதியில் ஒரு குறிப்பு இருந்தால் தப்பித்துக்கொள்வான்.

இருநிலைக்கொள் வினைகளில் 'பிகின்' போன்றவை தொல்லை தருவதில்லை, எதைப் போட்டாலும் பொருள் ஏறக்குறைய ஒன்றுதான். தொல்லையெல்லாம் 'ரிமெம்பர், ஃபர்கெட், ஸ்டாப்' வகையில். 'ஃபர்காட் டு லாக் த டோர்': பூட்ட மறந்தேன், கதவு திறந்து கிடக்கிறது. 'ஃபர்காட் லாக்கிங் த டோர்': பூட்டியதை மறந்துவிட்டேன், கதவு பூட்டித்தான் இருக்கிறது. தமிழில் இறந்தகால 'பூட்டியது' வந்து வேறுபாட்டைப் பளிச்சென்று காட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் வடிவம் மட்டுமே துப்பு. அதேபோல் 'பேச நின்றார்', 'பேசுவதை நிறுத்தினார்': ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே 'ஸ்டாப்', நமக்கு வினையே வேறு.

ஆகவே இவற்றைப் 'பிகின்' கூட்டத்திலிருந்து பிரித்துப் 'பொருள்மாறு இருநிலைக்கொள் வினை' எனலாமா என்று பார்க்கிறேன். நீளம் உறுத்துகிறது. 'பொருள்மாறு வினை' என்று குறைத்தால் வேறு எதையோ குறிக்கும். சுருக்கமாக ஏதாவது தோன்றினால் சொல்லுங்கள்.