புதுப்பிப்பு: சுவிஸ் குழுப் பயணத்தின் கடைசி மூன்று நாள்

இன்டர்லாக்கனில் மழை விடவே இல்லை, யுங்ஃப்ராவ்யோக் பனிமலைக் கணவாய்க்குப் போகும் ரயில் டிக்கெட் தண்டச் செலவாகிவிடுமோ என்று போன வாரம் புலம்பியிருந்தேன் அல்லவா? போய்விட்டு வந்தோம். 3,454 மீட்டர் உயரத்தில் ஒரு மணி நேரம் வெறும் வெள்ளை. கிளம்பும் நேரத்தில் பத்தே நிமிடம் மேகம் விலகியது; ஆலெட்ச் பனியாறு வளைந்து வளைந்து கண்ணுக்கெட்டிய தூரம் கிடந்தது. கேமராவைத் தேடுவதற்குள் மறுபடி மூடிக்கொண்டது. சரி, கொடுத்த காசுக்கு அது போதும்.

லௌட்டர்புருன்னன் என்ற பள்ளத்தாக்கு ஊரில் எங்களுக்குக் கிடைத்தது முக்கால் மணி நேரம். அங்கே ஒரு நாளாவது தங்க வைத்திருக்க வேண்டும். ஸ்டௌப்பாக் அருவி கிட்டத்தட்ட 300 மீட்டர் விழுகிறது. பாதித் தண்ணீர் தரைக்கு வருமுன்பே காற்றில் தூளாகிவிடுகிறது. குடை பிடித்தும் மூக்குக் கண்ணாடி நனைந்தது.

லூசெர்ன் மரப்பாலம் 1993 தீயில் பெரும்பகுதி எரிந்து, மறு வருடமே திறக்கப்பட்டதாம். கூரைக்கடியில் இருந்த முக்கோண ஓவியங்களில் பல போனது போனதுதான்.

சூரிச்சில் சாக்லேட் வாங்கியதோடு சரி. சாப்பாடு பற்றிக் கேட்டவர்களுக்கு: பக்கத்து இருக்கை மாமியின் புளிக்காய்ச்சல் கடைசி இரவுவரை தாக்குப்பிடித்தது. பெட்டிதான் இரண்டு கிலோ கூடுதல். ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டே விமானம் ஏறினேன்.