ஓவியச் சந்தையில் தோடி: பிள்ளைகளை வாசிக்க அனுப்பலாமா?

செங்காங் அம்மா | சனி, இரவு 10.42

வணக்கம். செவ்வாய்க்கிழமைக்குள் நான் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். அதனால்தான் இந்த நேரத்தில் எழுதுகிறேன்.

என் மகளுக்கு 14 வயது. ஏழு ஆண்டுகளாக வீணை கற்கிறாள். இன்று இங்கே சிங்கப்பூரில் ஓர் ஓவியச் சந்தையில் அவள் வீணை வாசிக்க, அவளுடன் படிக்கும் பையன் மிருதங்கம் வாசித்தான். நாற்பது நிமிடம். மரினா பே சாண்ட்ஸில் 2023 முதல் நடக்கிற ஆர்ட் எஸ்ஜி போன்ற பெரிய சந்தை இல்லை. நாற்பது கடைகள் இருந்தால் அதிகம். "இளம் கலைஞர்களின் செவ்விசை" என்று நாள் முழுவதும் வரிசையாக வைத்திருந்தார்கள். பியானோ, சீனத்துக் குச்செங், நான்கு பேர் கொண்ட மேற்கத்திய வயலின் குழு, அதன் பிறகு நாங்கள்.

எங்களுக்குக் காட்டிய இடம் காப்பிக் கடைக்கும் படங்களுக்குச் சட்டம் போட்டுக் கொடுக்கும் கடைக்கும் நடுவில் இருந்தது. எதிரில் ஒரு நாற்காலிகூட இல்லை. அவள் விரலில் எண்ணெய் தொட்டுக்கொண்டு தோடி ராகத்தைத் தாளம் இல்லாமல் விரித்து வாசிக்கும் ஆலாபனையைத் தொடங்கினாள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை காப்பிக்கொட்டை அரைக்கும் சத்தம். நடுவில் ஒருவர் குனிந்து அவளிடமே கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டார். அவள் இடக்கையைத் தந்தியிலிருந்து எடுக்காமல் தலையை அசைத்து வழி காட்டினாள். அதைப் பார்த்த என்னால் இன்னும் தூங்க முடியவில்லை.

சன்மானம் கிடையாது. ஆளுக்கு இரண்டு உணவுச் சீட்டு. வீணைக்காக எடுத்த பெரிய வாடகை வண்டிக்கு நான் கொடுத்தது போக வர 58 வெள்ளி. பணம் எனக்குப் பெரிதில்லை. வீட்டுக்கு வந்து வீணையை உறையில் போடும்போது, "அம்மா, நான் வாசித்தது தோடி என்று அங்கே யாருக்காவது தெரிந்திருக்குமா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

அடுத்த ஞாயிறும் வாசிக்க அழைத்திருக்கிறார்கள். அனுப்பலாமா?

முன்கூடத்தான் | சனி, இரவு 11.15

அனுப்புங்கள், அக்கா. தயங்காமல் அனுப்புங்கள்.

என் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். எங்கள் வீட்டில் கர்நாடக இசை என்றால் வானொலியை மாற்றிவிடுவார்கள். டிக்கெட் வாங்கிக் கச்சேரிக்குப் போவது எங்கள் குடும்பத்தில் யாரும் செய்யாத காரியம். எஸ்பிளனேட் கலையரங்கம் 2002இல் திறந்தபோது நான் பாலிடெக்னிக் மாணவன். அடுத்த ஆண்டு ஒருநாள் மழைக்கு ஒதுங்க உள்ளே போனேன். மேலே 1,600 பேர் அமரும் பெரிய அரங்கம். அதற்குள் நுழைய எனக்குத் துணிவு வந்திருக்காது. கீழே முன்கூடத்தில் இலவசமாக ஒரு புல்லாங்குழல் நிகழ்ச்சி. ஈரச் சட்டையோடு தூண் ஓரம் நின்று முக்கால் மணி நேரம் கேட்டேன். என்ன ராகம் என்று இன்றுவரை தெரியாது. இருபது ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எல்லாம் அந்த மழை நாளில் தொடங்கியது.

அன்று அந்தக் குழலை வாசித்தவர் வீட்டுக்குப் போய், "யாருக்காவது தெரிந்திருக்குமா?" என்று கேட்டிருக்கலாம். எனக்குத் தெரியவில்லைதான். ஆனால் நான் கேட்டேன்.

தொப்பி | ஞாயிறு, காலை 7.05

நான் மிருதங்கம் சொல்லிக்கொடுப்பவன். அனுப்ப வேண்டாம் என்பதே என் எண்ணம். காரணத்தைச் சொல்கிறேன்.

வீணையில் பாதி இசை மீட்டிய பிறகுதான் வருகிறது. வலக்கை ஒருமுறை மீட்டும். அந்த நாதம் தேய்ந்துகொண்டே போகும்போது இடக்கை தந்தியை, தண்டில் பதித்த மெட்டின்மேல் பக்கவாட்டில் இழுத்து, கமகம் என்ற சுர அசைவைப் பிடிக்கும். தோடியின் காந்தாரம் என்ற சுரம் அசையாமல் நின்றால் அது தோடியே அன்று. அந்த அசைவு முழுவதும் தேய்கிற நாதத்தில் இருக்கிறது. காப்பிக் கடைப் பக்கத்தில் உட்கார்ந்தால் மீட்டுதான் கேட்கும், கமகம் கேட்காது. ஒலிபெருக்கியைக் கூட்டினாலும் தீராது. மீட்டு இன்னும் உரக்க அடிக்கும். வால் பகுதி அப்போதும் கூட்டத்தின் பேச்சில் மூழ்கிவிடும். அந்தப் பெண் தோடி வாசித்தாள். அங்கே போய்ச் சேர்ந்தது தோடியின் எலும்பு.

பிள்ளைகளின் கைக்கு இன்னொரு கெடுதல் உண்டு. கேட்கவில்லை என்று தெரிந்தால் கை தானாகவே அழுத்தும். பாடம் செய்து செய்து வந்த நளினம் இரண்டு வாரத்தில் போய்விடும். என் மாணவன் ஒருவனுக்கு நடந்திருக்கிறது. குளிரூட்டிய கூடத்தில் உலர்ந்த காற்றுக்குத் தோல் இறுகி வலந்தலையின், அதாவது மிருதங்கத்தின் வலப்பக்கத்தின், சுருதி ஏறியது. கதவோரம் உட்கார்ந்திருந்ததால் ஆள் வந்து போகும்போதெல்லாம் வெளியிலிருந்து ஈரக்காற்று பட்டு இறங்கியது. கல்லை எடுத்துத் தட்டிச் சேர்த்துக்கொண்டே இருந்தான். பிறகு சேர்ப்பதையே விட்டுவிட்டு ஓங்கி அடிக்கத் தொடங்கினான். அதை மாற்ற எனக்கு ஆறு மாதம் ஆயிற்று.

நம் ஊரில் கேட்பவர் இல்லாமல் இல்லை. சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் 1949 முதல் இருக்கிறது. எஸ்பிளனேடின் இந்தியக் கலைவிழாவான கலா உத்சவம் இருக்கிறது. கோயில்களில் நவராத்திரிக் கச்சேரிகள் இருக்கின்றன. அங்கே வாசிக்கட்டும்.

தேர்வடம் | ஞாயிறு, காலை 9.30

ஐயா சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. நம் இசை கூட்டத்தில் வளர்ந்த இசை. நாற்காலி போட்டு, டிக்கெட் கிழித்து, சபாக்களில் உட்கார்ந்து கேட்பது பிறகு வந்த பழக்கம். சென்னை மியூசிக் அகாதெமிக்கே 1928தான். அதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்து நாகசுரம் தெருவில் நடந்துகொண்டே வாசிக்கப்படுகிறது. குழந்தை அழும், வளையல் விற்பார்கள், தேர்ச் சக்கரம் கிரீச்சிடும். அதற்கு நடுவில் மணிக்கணக்காக ராகம் வாசித்த மேதைகளை நாம் இன்றும் கொண்டாடுகிறோம்.

இந்த ஊரிலேயே பாருங்கள். தைப்பூச ஊர்வலத்தில் நேரடி வாத்திய இசைக்கு 1973இல் வந்த தடை 2016இல்தான் வழியில் சில இடங்களுக்கு மட்டும் தளர்ந்தது. நடுத்தெருவில், கூட்டத்துக்குள், வாத்தியம் வேண்டும் என்று அத்தனை ஆண்டுகள் கேட்டவர்கள் நாம். ஓவியச் சந்தையில் ஓர் இடம் கிடைத்தால் மட்டும் கூட்டம் ஆகாது என்பதா?

தொப்பி | ஞாயிறு, காலை 10.10

நாகசுரம் தெருவுக்கென்றே செய்த வாத்தியம். தவிலோடு சேர்ந்தால் நான்கு தெரு தாண்டிக் கேட்கும். வீணை அறைக்குள் கேட்க வேண்டியது. நாகசுரத்துக்குப் பொருந்துவதை வீணையின்மேல் ஏற்றக் கூடாது.

இன்னொன்று. புறப்பாட்டு இசையான மல்லாரி கேட்டால் வளையல் விற்பவருக்கும் தெரியும், சுவாமி புறப்பட்டாயிற்று என்று. பேசிக்கொண்டே இருந்தாலும் அந்த இசை எதற்கு என்று ஊருக்கே தெரியும். ஓவியச் சந்தையில் அந்தப் பெண்ணின் இசை எதற்கு? வைத்தவர்களுக்கே அது தெரிந்திருந்தால் எதிரில் நான்கு நாற்காலி போட்டிருப்பார்கள்.

ஈரத்தூரிகை | ஞாயிறு, பிற்பகல் 1.20

ஓவியர் பக்கத்திலிருந்தும் ஒரு குரல் இருக்கட்டும். வேறு ஒரு சந்தையில் நான்கு நாள் கடை போட்டவள் நான். ஒலிபெருக்கி வைத்து நாள் முழுவதும் இசை. வாசித்தவர்கள் எல்லாரும் திறமையான பிள்ளைகள். ஆனாலும் மூன்றாம் நாள் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. என் ஓவியத்தைப் பற்றி ஒருவர் கேட்டால் நான் கத்தித்தான் பதில் சொல்ல வேண்டும்.

படம் பார்ப்பதற்கும் ஒரு கேட்கும் நேரம் வேண்டும். மெல்லிய சாம்பல் நிறத்தின்மேல் இன்னொரு சாம்பல் பூசியிருப்பேன்; இரண்டு நிமிடம் நின்றால்தான் கண் அதைப் பிரிக்கும். காதில் வேறொன்று விழுந்துகொண்டே இருந்தால் ஆட்கள் அந்த இரண்டு நிமிடம் நிற்பதில்லை. தொப்பி ஐயா தேய்கிற நாதம் என்று சொன்னாரே, என் வேலையிலும் அப்படி ஒன்று உண்டு. ஒரே கூடத்தில் இரண்டையும் போட்டு இரண்டையும் அழிக்கிறார்கள். இசையும் வேண்டாம், நாற்காலியும் வேண்டாம் என்பேன்.

முன்கூடத்தான் | ஞாயிறு, பிற்பகல் 2.05

அப்படி ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது, சகோதரி. இரண்டாம் உலகப் போரின்போது லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் மைரா ஹெஸ் என்ற பியானோ கலைஞர் 1939இல் மதிய உணவு நேரக் கச்சேரிகளைத் தொடங்கினார். ஒரு ஷில்லிங் கொடுத்தால் யாரும் வரலாம். 1946 வரை 1,600க்கும் மேற்பட்ட கச்சேரிகள். ஓவியக்கூடமும் இசையும் சேர்ந்து ஓர் ஊரையே தாங்கியிருக்கின்றன.

ஈரத்தூரிகை | ஞாயிறு, பிற்பகல் 2.31

அந்தக் கச்சேரிகள் தொடங்கியபோது கூடத்தில் படங்கள் இல்லை. குண்டு விழும் என்று எல்லாவற்றையும் லண்டனை விட்டே அனுப்பிவிட்டார்கள். வெற்றுச் சுவருக்கு நடுவில் மக்கள் காசு கொடுத்து இசை கேட்க வந்தார்கள், உட்கார்ந்தார்கள், கேட்டார்கள். நீங்கள் சொன்ன கதை என் பக்கம்தான் நிற்கிறது.

இருவில் | ஞாயிறு, மாலை 6.48

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 19 வயது. கர்நாடக வயலினும் கற்கிறேன், பள்ளிக் காலத்திலிருந்து மேற்கத்திய நால்வர் குழுவிலும் வாசிக்கிறேன். இப்படிப்பட்ட இடங்களில் இரண்டையும் வாசித்திருக்கிறேன் என்பதால் எழுதுகிறேன்.

நால்வர் குழுவில் வாசிக்கும்போது கூட்டம் கவனிக்காவிட்டாலும் நான் உடைவதில்லை. எதிரில் தாள் இருக்கிறது, பக்கத்தில் மூன்று பேர் இருக்கிறார்கள். நாங்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டே போய்விடலாம். ராகம் வாசிக்கும்போது அப்படி இல்லை. அடுத்த பிடி, அதாவது ராகத்தின் அடுத்த சிறு தொடர், என்ன என்பது அந்த நொடியில்தான் பிறக்கிறது. எதிரில் ஒரு தலை அசைந்தால் ஒரு பிடி கூடுதலாக வரும். யாரும் இல்லையென்றால் நான் பாடம் பண்ணிய பிடிகளையே திருப்பி வாசிக்கிறேன். வெளியில் இருப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது, எனக்குத் தெரியும். ஏற்பாட்டாளர்கள் இரண்டையும் "செவ்விசை" என்று ஒரே பட்டியலில் போடும்போது இதை எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆனாலும் போக வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். 1920இல் பாரிஸில் ஓர் ஓவியக்கூடத்தில், நாடக இடைவேளையில், எரிக் சாத்தி என்ற இசையமைப்பாளர் "அறைகலன் இசை" என்று ஒன்றை வாசிக்க வைத்தார். நாற்காலி, மேசை போல அது பாட்டுக்கு இருக்கும். யாரும் கேட்க வேண்டாம், நடங்கள், பேசுங்கள் என்று அவரே சொல்லியும் மக்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்கத் தொடங்கினார்களாம். உயிரோடு ஒருவர் எதிரில் வாசித்தால் மனிதர்கள் திரும்பத்தான் செய்வார்கள். திரும்புகிறவர்களுக்கு உட்கார ஓர் இடம் வேண்டும். அவ்வளவையும் கேட்டு வாங்கலாம். நானே கேட்டு வாங்கியிருக்கிறேன்: காப்பிக் கடையிலிருந்து தள்ளி ஒரு மூலை, தரையில் விரிப்பு, இருபது நாற்காலி, ராகமும் இயற்றியவர் பெயரும் எழுதிய ஒரு பலகை. சன்மானம் கேட்டதற்கு முதலில் மறுத்தார்கள். சட்டம் அடிக்க வந்தவருக்கும் விளக்குப் போட வந்தவருக்கும் கொடுக்கிறீர்களே என்றேன். போக்குவரத்துச் செலவு வந்தது. சிறு தொகைதான், ஆனால் அதற்குப் பிறகு எங்களிடம் பேசும் முறையே மாறியது.

தங்கையிடம் ஒன்று சொல்லுங்கள், அக்கா. கழிப்பறைக்கு வழி காட்டியபோதும் இடக்கையை எடுக்கவில்லையே, அது ஏழாண்டுப் பாடத்தில் வருகிற காரியம் இல்லை. அது அவளுடையது.

தேர்வடம் | ஞாயிறு, இரவு 8.15

பலகை வேண்டும் என்பது நல்ல யோசனை. ஆங்கிலத்தோடு தமிழிலும் எழுதச் சொல்லுங்கள்.

தொப்பி | ஞாயிறு, இரவு 9.02

தம்பி இருவில் எழுதியதை இரண்டு முறை படித்தேன். விரிப்பும் நாற்காலியும் கிடைக்கும் என்றால் என் மறுப்பில் பாதி போய்விடுகிறது. மீதிப் பாதி தோடிமேல். அந்த இடத்தில் தோடி வேண்டாம். மோகன ராகத்தில் ஒரு வர்ணம், பிறகு துரிதமாக இரண்டு கீர்த்தனை, மிருதங்கம் மட்டும் வாசிக்கும் ஒரு சிறு தனி ஆவர்த்தனம். தாளத்தோடு ஓடுகிற உருப்படிகள் சத்தத்தையும் தாண்டிப் போகும். தோடியை அமைதியான கூடத்துக்கு வைத்துக்கொள்ளட்டும்.

முன்கூடத்தான் | ஞாயிறு, இரவு 9.20

இதிலும் உங்களோடு மாறுபடுகிறேன், ஐயா. தூண் ஓரம் நிற்கிறவனுக்கு எளியதை மட்டுமே கொடுப்போம் என்று நாமே முடிவு செய்துவிட்டால், அவனுக்குத் தோடி எப்போது கிடைக்கும்? நம் கச்சேரிகளில் வாசிக்கும் பிள்ளையின் பெற்றோரும் அடுத்து வாசிக்கப் போகிற பிள்ளையின் பெற்றோரும்தான் பாதி நாற்காலியை நிரப்புகிறோம். அந்த வட்டத்துக்கு வெளியே இருப்பவன் எங்கே போய்க் கேட்பான்?

செங்காங் அம்மா | செவ்வாய், மாலை 5.37

எல்லாருக்கும் நன்றி. இந்த இழையை மகளும் முழுவதும் படித்தாள். எலும்பு என்று ஐயா எழுதியதைப் படித்துச் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு வீணையை எடுத்து, குளிர்சாதனம், மின்விசிறி, தொலைக்காட்சி எல்லாவற்றையும் ஓடவிட்டுத் தோடியின் காந்தாரத்தை மட்டும் அரை மணி நேரம் வாசித்துப் பார்த்தாள். நான் சமையலறையில் நின்று கேட்டேன். ஐயா சொன்னது உண்மை, மீட்டுதான் வந்தது. தொலைக்காட்சியை மட்டும் நிறுத்தியதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கமகம் வந்தது.

ஏற்பாட்டாளரிடம் பேசினேன். இருபது நாற்காலி இல்லை, பன்னிரண்டு தருகிறார்கள். விரிப்பு உண்டு. பலகை இரண்டு மொழியிலும் நாங்களே எழுதிக்கொண்டு வரலாம். வண்டிச் செலவு தருவதாகச் சொன்னார்கள். பிற்பகல் நேரத்தை விட்டுவிட்டுக் காலை பதினொரு மணியைக் கேட்டு வாங்கினேன். காப்பிக் கடை பன்னிரண்டுக்குத்தான் திறக்கிறது. சுற்றியுள்ள கடைக்காரர்களிடமும் முன்கூட்டியே சொல்லச் சொல்லியிருக்கிறேன், ஈரத்தூரிகை. நாற்பது நிமிடம்தான், அதன் பிறகு கூடம் அவர்களுடையது.

தோடியைத்தான் வாசிப்பாளாம். மோகன வர்ணத்தை முதலில் வைத்துக்கொள்கிறாள், ஐயா சொன்னதற்காக.

ஒரு சிக்கல். மிருதங்கம் வாசிக்கும் பையனுக்கு அன்று பள்ளித் தேர்வுக்கான வகுப்பு இருக்கிறது. தொப்பி ஐயா, ஞாயிறு காலை உங்களால் வர முடியுமா?

தொப்பி | செவ்வாய், மாலை 6.10

வீணைக்கு என்ன சுருதி என்று தனிச்செய்தியில் அனுப்புங்கள். பத்து மணிக்கே வந்துவிடுகிறேன். அந்தக் குளிரில் தோல் எப்படி நிற்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.